நவம்பர் மழையில் ஒரு நன்றி விருந்து: திருகோணமலைக்குப் பணிக்கு வந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்காக

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களுக்கு நன்றி கூறும் நாள். திருகோணமலையில் ஒரு திருச்சபையிலோ பாடசாலையிலோ மருத்துவ நிலையத்திலோ ஓராண்டு, ஈராண்டுப் பணிக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்கு நத்தாரை விட இந்த நாள்தான் கடினமாக இருக்கும். நத்தாருக்கு இங்கே ஆலயமும் தெருவும் வெளிச்சமாக இருக்கும், கூடவே நாமும் இருப்போம். இந்த வியாழக்கிழமை ஊருக்கு வெறும் வேலை நாள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

அவர்களைத் தங்கவைத்திருக்கும் குடும்பங்களுக்கும், ஆலயத்தில் சாப்பாட்டுப் பொறுப்பை எடுக்கும் அன்ரிமாருக்கும், விடுதி நடத்துபவர்களுக்குமான குறிப்பு இது. அளவுகள் எல்லாம் 12 பேருக்கு.

முதலிலேயே சொல்லிவிட வேண்டிய ஒன்று: வான்கோழி தேடி அலையாதீர்கள். கொழும்பில் உறைந்த வான்கோழி வாங்கலாம். ஆனால் பேருந்திலோ ரயிலிலோ வந்து சேர்வதற்குள் பாதி இளகிவிடும். வந்தாலும் வீட்டு அடுப்புக்குள் அடங்காது. அந்தப் பணத்தையும் உழைப்பையும் மூன்று விடயங்களில் போடுங்கள்: மிளகாய் படாத நல்ல கிரேவி, பூசணிக்காயில் செய்த பை (pie என்ற சுட்ட இனிப்பு), சமைத்தவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு மேசை. இவை சரியாக இருந்தால் தட்டில் இருப்பது வான்கோழியா கோழியா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

திகதி

நான்காவது வியாழன் 22 க்கும் 28 க்கும் இடையில் விழும். 2026 இல் நவம்பர் 26, 2027 இல் 25, 2028 இல் 23. 1863 இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941 இல். வந்திருப்பவர் கனடாக்காரர் என்றால் அவருடைய நாள் ஒக்டோபரின் இரண்டாவது திங்கள், லைபீரியர் என்றால் நவம்பரின் முதல் வியாழன். விருந்துக்கு அழைக்குமுன் எந்த நாட்டவர் என்று கேளுங்கள். கனடாப் பிள்ளையை நவம்பரில் அழைத்து "உங்கள் நாள்" என்று சொன்னால் மரியாதைக்குச் சிரிப்பார், அவ்வளவுதான்.

திகதி பார்க்கும்போது நாட்காட்டியில் இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

நவம்பர் 27 மாவீரர் நாள். 2025 இல் இரண்டும் ஒரே திகதியில் வந்தன, 2031 இல் மறுபடியும் வரும். அன்று மாலை 6.05 க்கு நம் அயலில் பல வீடுகளில் விளக்கேற்றுவார்கள், பலர் அழுதுகொண்டிருப்பார்கள். அந்த ஆண்டுகளில் விருந்தை மத்தியானத்துக்கு மாற்றுங்கள், பாட்டு வேண்டாம். ஏன் என்று விருந்தினருக்கும் முன்னரே சொல்லிவையுங்கள். அவர்களுக்கு இது புரியும். அவர்கள் நாட்டிலும் இந்த நாளுக்கு இரண்டு முகம் உண்டு. 1621 இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து மூன்று நாள் விருந்துண்டதைத்தான் பாடப் புத்தகங்கள் சொல்லும். அந்தப் பூர்வகுடிகளின் வழிவந்தவர்களும் அவர்களோடு நிற்பவர்களும் 1970 முதல் அதே பிளிமத்தில் அதே வியாழனைத் துக்க நாளாக நினைவுகூருகிறார்கள். எனவே ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு இறகுத் தொப்பி செய்து போட்டு "செவ்விந்தியர்" நாடகம் நடிக்கவைக்க யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நவம்பர் போயா. போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும். அது விருந்துக்கு முதல் நாளோ அன்றோ வந்தால் கோழியை ஒரு நாள் முந்தி வாங்கவேண்டும்.

மூன்றாவது, சைவ வீடுகளின் விரதங்கள். கார்த்திகை விளக்கீடு இந்தக் கிழமைகளில்தான் வரும். அதற்கு மறுநாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் பெருங்கதை விரதம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள். இவர்களையும் தயங்காமல் அழையுங்கள், ஆனால் மரக்கறிச் சாப்பாட்டை ஓர் ஓரத்து ஏற்பாடாக வைக்காமல் முழுச் சாப்பாடாகச் செய்யுங்கள்.

வியாழக்கிழமை எல்லோருக்கும் வேலை, சனிக்கிழமை வைத்தால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். எங்கள் அபிப்பிராயம், சனிக்கிழமையின் பெரிய விருந்தை விட வியாழன் இரவு 6.30 க்கு ஒரு சிறிய மேசை நல்லது. அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டிலும் மேசை போடுகிறார்கள்.

யார் வருகிறார்கள், என்ன சாப்பிடமாட்டார்கள்

ஒரு கிழமைக்கு முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை மிஷனரிமார் தேநீரும் கோப்பியும் மதுவும் தொடமாட்டார்கள். அவர்களுக்கு இஞ்சியும் தேசிக்காயும் போட்ட சூடான பானம் செய்யலாம், தேயிலை மட்டும் விழக் கூடாது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் பன்றி இறைச்சியும் இறாலும் நண்டும் சாப்பிடமாட்டார்கள், அவர்களில் பலர் முழு மரக்கறிக்காரர். முஸ்லிம் அயலவர்கள் வந்தால் கோழி ஹலாலாக இருக்கவேண்டும், சமைக்கும் சட்டியில் பன்றியோ மதுவோ பட்டிருக்கக் கூடாது. கோழியை முழுவதும் ஹலால் கடையில் வாங்கிவிட்டால் இந்தச் சிக்கல் மொத்தமாகத் தீரும். கோழியை வாட்டக் கொடுக்கும் பேக்கரிப் போறணைக்கும் அது தேவைப்படும், காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

ஊரில் ஒரு மூத்தவரையாவது அழையுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இயேசுசபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த அமெரிக்கக் குருமார் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பணிசெய்தார்கள். 1947 இல் திருகோணமலை ஆயரான இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகையும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. அமெரிக்கக் குருமாரிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் மேசையில் இருந்தால், வந்த பிள்ளைகளுக்குத் தாங்கள் தொடர்பே இல்லாத ஊரில் இருப்பதாகத் தோன்றாது.

செலவையும் வேலையையும் முழுவதும் நீங்களே சுமக்காதீர்கள். பணிக்கு வந்தவர்கள் சிறிய கொடுப்பனவில் இருப்பவர்கள், ஆனாலும் எல்லாவற்றையும் மற்றவர் செய்து பார்த்திருப்பது அவர்களுக்குக் கூச்சம். கிழங்கு மசிப்பதையும் பை செய்வதையும் அவர்களிடம் விடுங்கள். அவர்கள் வீட்டில் அந்த நாளின் பாதிச் சந்தோஷம் சமையலறையில்தான்.

கோழி

1.5 கிலோ நிறையுள்ள முழுக் கோழி மூன்று, ஒன்று நான்கு பேருக்கு. சந்தைக் கடையில் கேட்காவிட்டால் தோலை உரித்து, கறிக்கு வெட்டுவதுபோல் துண்டாக்கித் தந்துவிடுவார்கள். "தோலோடு முழுசா வேணும், முதுகெலும்பை மட்டும் வெட்டி எடுத்து விரிச்சுத் தாங்கோ, எலும்பையும் கழுத்தையும் சேர்த்துத் தாங்கோ" என்று சொல்லுங்கள். விரித்த கோழி தட்டையாக இருப்பதால் தாழ்ந்த அடுப்புக்குள்ளும் போகும், நெஞ்சுப் பகுதியும் தொடையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேகும். முழுதாக வாட்டினால் தொடை வேகுமுன் நெஞ்சு நார்போல உலர்ந்துவிடும்.

உறைந்த கோழி என்றால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். ஒன்றரைக் கிலோவுக்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். மேசையில் வைத்து இளக்கினால் வெளிப்பக்கம் 30 பாகையில் கெட ஆரம்பிக்கும்போது உள்ளே இன்னும் கட்டியாக இருக்கும். செவ்வாய் மாலை கீழ்த்தட்டுக்கு மாற்றினால் புதன் இரவு வேலைக்குத் தயார்.

புதன் இரவு உப்புத் தடவவேண்டும். ஒரு கிலோவுக்கு 12 கிராம், அதாவது மட்டமான இரண்டு தேக்கரண்டி. தோலுக்கு மேலும், விரலை விட்டுத் தோலுக்கு அடியிலும் தடவி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பச்சைக் கோழியின் நீர் வேறு சாப்பாட்டில் சொட்டாதபடி அடித்தட்டில் இருக்கட்டும். உப்பு உள்ளே இறங்கும், தோல் உலரும். உலர்ந்த தோல்தான் பொன்னிறமாக மொறுகும். தேசிப்புளியை இரவே தடவினால் இறைச்சி சுண்ணாம்புபோல் வெளுத்து உதிரும், அதனால் புளி வேண்டாம். மஞ்சளும் மிளகாய்த்தூளும் வேண்டாம்.

வியாழன் பிற்பகல் ஒரு கோழிக்கு 40 கிராம் பட்டர், நசுக்கிய உள்ளி 3 பல், அரைத் தேக்கரண்டி மிளகுதூள், தேசிக்காய்த் தோல் துருவல் கொஞ்சம், இலை மணம் ஒன்று. அமெரிக்கர்கள் போடுவது சேஜ் என்ற இலை, இங்கே சந்தையில் இல்லை. பல்பொருள் அங்காடியில் போத்தலில் வரும் உலர்ந்த தைம் ஒரு தேக்கரண்டி போடுங்கள். அதுவும் இல்லையென்றால் வளவில் நிற்கும் கற்பூரவள்ளி இலை நான்கைந்தை மிகப் பொடியாக அரிந்து போடலாம். அதன் வாசம் தைமுக்கும் ஒரிகானோவுக்கும் நெருக்கமானது. ஐந்துக்கு மேல் போனால் இருமல் மருந்து வாசம் வந்துவிடும். கறிவேப்பிலையும் றம்பையும் இதற்கு மாற்று ஆகா.

எதில் வாட்டுவது? மேசையில் வைக்கும் சிறிய மின் அடுப்பில் ஒரு தடவைக்கு ஒரு கோழிதான் போகும். மூன்றும் முடிய மூன்று மணித்தியாலம், இடையில் கரண்ட் போனால் கதை முடிந்தது. திருகோணமலையில் மிக நல்ல வழி பேக்கரிப் போறணை. பின்னேரப் பாண் இறங்கிய பிறகு போறணை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு இறங்கும், அந்தச் சூடு கோழிக்கு ஏற்றது. திங்கட்கிழமையே போறணை நானாவிடம் பேசி நேரம் கேட்டுவையுங்கள். போறணை வாயின் உயரம், அகலம் அளந்து, முடிந்தால் அவருடைய தட்டையே கேளுங்கள். பல பேக்கரிகள் முஸ்லிம் அன்பர்களுடையவை, ஹலால் இல்லாத இறைச்சியை அங்கே கொண்டுபோகக் கூடாது. பன்றிக் கொழுப்போ பேக்கனோ கோழிமேல் போட யாராவது ஆசைப்பட்டால் அந்த ஆசையை விட்டுவிடவேண்டும்.

190 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் விரித்த கோழிக்கு 50 முதல் 60 நிமிடம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்து அரை மணித்தியாலம் கழித்து உள்ளே வையுங்கள். நேராகக் குளிரோடு வைத்தால் தோல் கருகும்போதும் தொடைமூட்டு பச்சையாக இருக்கும். தோல் சீக்கிரம் கறுத்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 74 பாகை காட்டவேண்டும். வெப்பமானி இல்லையென்றால் அதே இடத்தில் குத்திப் பாருங்கள், வழியும் சாறு சிவப்பில்லாமல் தெளிவாக இருக்கவேண்டும். தட்டில் இறங்கிய கொழுப்பையும் சாறையும் ஒரு சொட்டு விடாமல் போத்தலில் சேர்த்துக் கொண்டுவாருங்கள். கிரேவி அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து 15 நிமிடம் ஆறிய பிறகு வெட்டுங்கள்.

போறணையும் இல்லை, கரண்டும் இல்லை என்றால் காஸ் அடுப்பில் முடிக்கலாம். கோழியை எட்டுத் துண்டாக்கி, அடிகனமான சட்டியில் வட்டமாக வெட்டிய வெங்காயமும் கரட்டும் பரப்பி, தோல் மேலே பார்க்க அடுக்கி, ஒரு கப் தண்ணீர் விட்டு, இறுக மூடி, சிறு தீயில் 40 நிமிடம் வேகவையுங்கள். பிறகு தாச்சியில் கொஞ்சம் பட்டர் விட்டுத் தோல் பக்கத்தை மட்டும் சிவக்கப் பொரியுங்கள். தணல் அடுப்பு என்றால் திறந்த தாழ்வாரத்தில் மட்டும். மழைக்காகக் கதவு யன்னலைப் பூட்டிய அறைக்குள் கரி மூட்டினால் காபனோரொட்சைட்டு நிறைந்து ஆள் மயங்கிவிடும்.

கிரேவி

புதன் இரவே முதுகெலும்பு, கழுத்து, செட்டை நுனி எல்லாவற்றையும் கொஞ்சம் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து, இரண்டரை லீற்றர் தண்ணீர், ஒரு பெரிய வெங்காயம், ஒரு கரட், ஒரு பிடி செலறி இலை, பத்து மிளகு போட்டு இரண்டு மணித்தியாலம் சிறு தீயில் விடுங்கள். வடித்தால் ஏறக்குறைய 1.8 லீற்றர் ரசம் வரும். ஒரு லீற்றர் கிரேவிக்கு, மீதி பாண் ஸ்டஃபிங்குக்கு (கோழியோடு சாப்பிடும் பாண் கலவை, கீழே வருகிறது). இது ஆறியதும் குளிரில் வைக்கவேண்டும்.

விருந்துக்கு 20 நிமிடம் முன்பு, தட்டிலிருந்து வந்த கொழுப்பு 6 மேசைக்கரண்டி (குறைந்தால் பட்டர் சேர்க்கலாம்), கோதுமை மா 6 மேசைக்கரண்டி. கொழுப்பைச் சூடாக்கி மாவைப் போட்டு, நடுத்தர வெல்லத்தின் நிறம் வரும்வரை ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். பச்சை மா வாசம் போகாவிட்டால் கிரேவி முழுவதும் அந்த வாசமே அடிக்கும். பிறகு சூடான ரசத்தை ஒரு அகப்பை விட்டு முழுதாகக் கரைத்து, அடுத்த அகப்பை. மொத்தமாக ஊற்றினால் கட்டி கட்டியாகும். கட்டியானால் பதற்றம் வேண்டாம், வடியில் வடித்து மீண்டும் கொதிக்கவிடுங்கள். தட்டுச் சாறையும் சேர்த்து, உப்பு கடைசியில் பார்த்துப் போடுங்கள், ஏனெனில் சாறிலேயே உப்பு இருக்கும்.

இந்த இடத்தில் நம் கை தானாக மிளகாய்த்தூளுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் போகும். போகவிடாதீர்கள். நமக்குச் சப்பென்று இருப்பதுதான் அவர்களுக்கு வீட்டு ருசி. காரம் வேண்டியவர்களுக்குக் கட்டைச் சம்பலும் மாங்காய் அச்சாறும் மேசையில் தனியே இருக்கட்டும்.

மரக்கறிக்காரருக்கு வேறு சட்டியில், வேறு கரண்டியில்: ஒரு பெரிய வெங்காயம், காளான் 300 கிராம் இரண்டையும் பட்டரில் நீர் முழுவதும் வற்றிச் சிவக்க வதக்கி, மா 3 மேசைக்கரண்டி, மரக்கறி அவித்த நீர் அரை லீற்றர்.

பாண் ஸ்டஃபிங்கும் கூட வருபவையும்

கோழிக்குள் அடைக்க வேண்டாம், விரித்த கோழியில் அடைக்கவும் முடியாது. தனித் தட்டில் சுடுங்கள். 450 கிராம் பாண் இரண்டு, இரண்டு செ.மீ சதுரமாக வெட்டி. மற்ற ஊர்களில் வெட்டி வெளியே வைத்தால் உலரும், இந்த மாதத்து ஈரக் காற்றில் பூஞ்சணம்தான் பிடிக்கும். அதனால் தாச்சியில் எண்ணெய் விடாமல் வாட்டி உலர்த்துங்கள், அல்லது போறணையில் கோழிக்கு முன் ஒரு தட்டில் வைத்தெடுங்கள். பட்டர் 150 கிராமில் வெங்காயம் 300 கிராம், செலறி 100 கிராம் வதக்கி (நம் செலறிக்குத் தண்டு மெல்லியது, வாசம் கூட, அவர்கள் அளவில் பாதி போதும்), மிளகுதூள் ஒன்றரைத் தேக்கரண்டி, தைம் ஒரு தேக்கரண்டி, அடித்த முட்டை 2, ரசம் 750 மி.லீ. வரை. ரசத்தை மூன்று தடவையாக விட்டுக் கிளறுங்கள். பாண் ஊறி ஈரமாக இருக்கவேண்டும், அடியில் நீர் நிற்கக் கூடாது. 180 பாகையில் 40 நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் மூடாமல்.

உருளைக்கிழங்கு இரண்டரைக் கிலோ. குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடித்து, இரண்டு நிமிடம் வெறும் சட்டியில் ஈரம் போக்கி, கையால் மசித்து, பட்டர் 150 கிராமும் 50 கிராம் பால்மா கரைத்த சூடான பால் 400 மி.லீ. உம். கிறைண்டரிலோ பிளெண்டரிலோ போட்டால் மாச்சத்து வெளியே வந்து பசையாகிவிடும், அதைத் திருத்த வழியில்லை.

வத்தாளங்கிழங்கு ஒன்றரைக் கிலோ, அவித்து, கித்துள் பாணியும் பட்டரும் இஞ்சியும் பூசித் தாச்சியில் வாட்டினால் போதும். போஞ்சியைப் பட்டரில் வதக்குங்கள்.

கிரான்பெரிப் பழம் இங்கே இல்லை. அன்னாசி 500 கிராம், சீனி 150 கிராம், தேசிப்புளி 3 மேசைக்கரண்டி, ஒரு துண்டு கறுவா, ஒரு துண்டு இஞ்சி, சிவப்புக்காக ஒரு மெல்லிய பீற்றூட் துண்டு. 25 நிமிடம் காய்ச்சி பீற்றூட்டை எடுத்துவிடுங்கள். புளிப்பு தூக்கலாக இருக்கவேண்டும், கிரேவியின் கொழுப்பை வெட்டுவதற்குத்தான் அது.

ஒரு பானை சோறும் ஒரு பருப்புக் கறியும் கட்டாயம். கிழங்கும் பாணும் எவ்வளவு சாப்பிட்டாலும் சோறு இல்லாமல் நம் பெரியவர்களுக்குச் சாப்பிட்டதாக இராது. கடல் கொந்தளிக்கும் மாதம் என்பதால் மீனை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பூசணிப் பை

இரண்டு பை வேண்டும், ஒவ்வொன்றும் 23 செ.மீ தட்டில். புதன் இரவே செய்து வைக்கலாம், செய்யவும் வேண்டும், ஆறினால்தான் ஒழுங்காக வெட்டவரும்.

நம் பூசணியில் தண்ணீர் அதிகம். பை கூழாகி ஒழுகுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இரண்டு கிலோ முற்றிய பூசணியைத் தண்ணீரில் அவிக்காமல் நீராவியில் அவித்து, மசித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி இரண்டு மணித்தியாலம் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகும் ஈரமாக இருந்தால் தாச்சியில் அல்வாக் கிளறுவதுபோல் சிறு தீயில் கிளறி வற்றவையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் விழாமல் நிற்கும் பதம். ஒரு பைக்கு இந்த மசியல் 425 கிராம், நிறுத்து எடுங்கள்.

அதோடு ரின்பால் ஏறக்குறைய 395 கிராம், முட்டை 2, கறுவாத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சித்தூள் அரை, சாதிக்காய்த்தூள் கால், கராம்புத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு அரைத் தேக்கரண்டி. ரின்பாலில் சீனி இருப்பதால் வேறு சீனி இல்லை. அமெரிக்கச் செய்முறையில் கறுவா ஒரு தேக்கரண்டி என்றுதான் இருக்கும். அங்கே பெரும்பாலும் விற்பது காரமான கசியா, நம் இலங்கைக் கறுவா மென்மையானது, அதனால்தான் அரைத் தேக்கரண்டி கூட்டுகிறோம்.

அடித்தளத்துக்கு மாப்பேஸ்ட்ரி செய்தால் நம் வெக்கையில் பட்டர் உருகி மாவோடு ஒட்டிவிடும், சுட்டால் ஓடுபோல் இறுகும். செய்தே தீருவேன் என்பவர்: மா 200 கிராம், உறையவைத்துத் துருவிய பட்டர் 100 கிராம், ஐஸ் தண்ணீர் 3 அல்லது 4 மேசைக்கரண்டி, பிசையாமல் சேர்த்து அரை மணித்தியாலம் குளிரில். மற்றவர்களுக்கு மாரி பிஸ்கற் பொடி 200 கிராமும் உருக்கிய பட்டர் 90 கிராமும் கலந்து தட்டில் அழுத்திப் பத்து நிமிடம் சுட்டால் போதும். இது தவறவே தவறாது.

மாப்பேஸ்ட்ரி என்றால் 220 பாகையில் 15 நிமிடம், பிறகு 175 பாகையில் 35 முதல் 40 நிமிடம். பிஸ்கற் அடி என்றால் 220 இல் கருகிவிடும், முழு நேரமும் 175 இல் 50 நிமிடமளவு. தட்டை மெல்ல ஆட்டினால் ஓரம் அசையாமல் நடு மட்டும் கொஞ்சம் தளும்பவேண்டும். நடுவும் இறுகும்வரை விட்டால் ஆறும்போது வெடிக்கும்.

அடுப்பே இல்லையென்றால் வட்டிலப்பம் அவிப்பதுபோல் சிறு கிண்ணங்களில் ஊற்றி, அலுமினியத் தாளால் மூடி, நீராவியில் 35 முதல் 40 நிமிடம் அவியுங்கள். அடி இல்லாவிட்டாலும் வாசமும் ருசியும் அதேதான். முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல், அல்லது தம்பலகாமத்து எருமைத் தயிரும் பாணியும். பை வைக்கும் தட்டின் கீழே தண்ணீர்ப் பாத்திரம் வையுங்கள். மழைக்கு வீட்டுக்குள் ஏறிய எறும்பு முதலில் தேடுவது இதைத்தான்.

மழை, கரண்ட்

வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் நிற்கும் கிழமை இது. 1978 இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளி வந்ததும் நவம்பர் 23, 24 இல்தான். வளவில் பந்தல் போட்டு விருந்து வைக்கும் எண்ணத்தை விட்டு, கூரைக்குள் எத்தனை பேர் இருக்கலாமோ அத்தனை பேரையே அழையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டால் தள்ளிப்போடத் தயங்காதீர்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கரண்ட் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போனால் திறக்காத குளிர்சாதனப் பெட்டியிலும் இறைச்சி பாதுகாப்பில்லை. புதன்கிழமை மீன்பிடிப் பக்கத்தில் ஐஸ் வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது. அந்த ஐஸ் சாப்பாட்டில் படக் கூடாது, கோழி இறுகக் கட்டிய பொலித்தீனுக்குள் இருக்கட்டும்.

மேசை

நம் வீடுகளில் விருந்தாளி சாப்பிட வீட்டுக்காரர் நின்று பரிமாறுவார், அம்மா கடைசியில் குசினிக்குள் சாப்பிடுவார். நமக்கு அதுதான் மரியாதை. இந்த ஒரு இரவுக்கு அதை விடவேண்டும். நன்றி சொல்ல வந்தவர்களுக்கு, சமைத்த அம்மா நின்றுகொண்டிருக்கத் தாங்கள் சாப்பிடுவது தொண்டையில் இறங்காது. எல்லாப் பாத்திரங்களையும் நடுவில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி போட்டு, கைமாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கதிரை போதாவிட்டால் எல்லோருமே பாயில் இருங்கள், பாதிப் பேர் கதிரையிலும் பாதிப் பேர் தரையிலும் வேண்டாம். கையால் சாப்பிடுபவர் கையால், கரண்டியால் சாப்பிடுபவர் கரண்டியால்.

செபம் சுருக்கமாக, சாப்பாடு சூடாக இருக்கும்போதே. ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்லும் வழக்கத்தைப் பைக்கு முன்பு வையுங்கள். முதலில் வைத்தால் 12 பேர் பேசி முடியக் கிரேவி உறைந்துவிடும். நம்மவர்களுக்குப் பெற்ற தாயிடமே "நன்றி" என்று வாய்விட்டுச் சொல்வது வராது. முறை வரும்போது சிரித்து மழுப்பிவிடுவார்கள். வந்ததுமே ஆளுக்கொரு துண்டுக் கடதாசியும் பேனையும் கொடுங்கள். இந்த ஆண்டு தனக்கு உதவிய ஒருவரைப் பற்றி இரண்டு வரி, தமிழிலோ ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ, பெயர் போடாமலும் எழுதலாம். ஒரு சட்டியில் போட்டு ஒரு பிள்ளை எடுத்து வாசிக்கட்டும், ஒருவர் மொழிபெயர்க்கட்டும். வீட்டில் இந்த ஆண்டு மரணம் நடந்திருந்தால் அவர்களை எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

உயர்தரப் பரீட்சை நடக்கும் காலமாக இருந்தால் ஒலிபெருக்கி இல்லாமலே பாடுங்கள்.

வீட்டுக்கு அழைப்பு

நவம்பரில் நியூயோர்க் நம்மைவிட 10 மணி 30 நிமிடம் பின்னால், சிக்காகோ 11.30, யூட்டா 12.30, கலிபோர்னியா 13.30. நம் வியாழன் இரவு 8.30 நியூயோர்க்கில் வியாழன் காலை 10 மணி, கலிபோர்னியாவில் காலை 7. குடும்பம் முழுவதும் மேசையில் இருக்கும்போது பேசவேண்டும் என்றால் வெள்ளி விடிய 4.30 க்கு எழும்பவேண்டும், அப்போது அங்கே கிழக்குக் கரையில் மாலை 6 மணி. இரண்டு நேரத்தையும் சொல்லி அவர்களையே தெரிவுசெய்ய விடுங்கள். அழைப்பு நேரத்தில் ஒரு அறையைத் தனியாக ஒதுக்கிக் கதவைச் சாத்திக்கொடுங்கள். பேசிவிட்டு வெளியே வரும்போது கண் சிவந்திருந்தால் கேள்வி கேட்காமல் ஒரு துண்டு பை வெட்டிக் கொடுங்கள்.

மிச்சம்

அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை மிச்சக் கோழியைச் சாப்பிடுவது பண்டிகையின் பாதி. இங்கே பல சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறி நாள். அப்படிப்பட்ட வீட்டில் விருந்து நடந்தால் கோழி மிச்சத்தை அன்றிரவே பணிக்கு வந்தவர்களின் விடுதிக்கு அனுப்பிவிட்டு, சோறு, கிழங்கை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த இறைச்சி எதுவும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 8.30 க்கு வீட்டுக்கு அழைக்கப் போகுமுன்பே எலும்பிலிருந்து பிரித்துப் பெட்டியில் போடுங்கள். காவலாளிக்கும் ஓட்டோத் தம்பிக்கும் கொடுக்கும் பார்சலையும் அப்போதே, சூட்டோடு, கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை மிச்ச ஸ்டஃபிங்கையும் உதிர்த்த கோழியையும் சம அளவில் பிசைந்து, ஒரு பச்சைமிளகாயும் வெங்காயமும் அரிந்து போட்டு, உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டிப் பொரித்தால் நல்ல கட்லட். ஸ்டஃபிங்கில் ஈரம் கூட இருந்தால் எண்ணெயில் உடையும். மசித்த கிழங்கு மிச்சத்தில் இரண்டு கரண்டி சேர்த்தால் பிடிக்கும்.